பொய்ப்போதகரும் அரச கட்டளையும் – ஒல்லாந்தர் காலக் கொழும்பிலே கிறிஸ்தவ விசுவாசக் காவல்

1

கிறிஸ்தவ சமயத்தின் மூலநூல்களிலே பொய்ப்போதகரைப் பற்றிய எச்சரிக்கை மிகத் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. மத்தேயு சுவிசேடத்தின் மலைப்பிரசங்கப் பகுதி அன்னாரை ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்களாகக் காட்டுகின்றது. பவுலின் நிருபங்களும், பேதுரு, யோவான் ஆகியோர் பெயரால் வழங்கும் நிருபங்களும் இவ்வெச்சரிக்கையையே வெவ்வேறு முறையிற் கூறுவன. சபை சிறிதாக, அரச ஆதரவற்றதாக, தொல்லைக்குட்பட்டதாக இருந்த காலத்திலே எழுந்தவை இவை. எனவே அந்நூல்களிலே காவலுக்குரிய கருவிகளாகக் கூறப்பட்டவை போதனை, சோதித்தறிதல், விலகியிருத்தல் ஆகியனவே. காவலாளரும் சிறைச்சாலையும் அப்பொழுது சபையின் கையில் இருக்கவில்லை.

சமயம் அரசோடு இணைந்த பின்னரே நிலைமை மாறிற்று. பொய்ப்போதகர் எவர் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு, தீர்மானித்த பின்னர் அவரை எக்கருவி கொண்டு விலக்குவது என்னும் இரு வினாக்களும் அதன்பின் சமய வினாக்களாக மட்டும் இருக்கவில்லை. அரசியல் வினாக்களாகவும் ஆயின. இவ்விரு வினாக்களுக்கும் நமது நாட்டு வரலாற்றிலே மிகத் தெளிவான விடையைத் தருவது ஒல்லாந்தர் காலக் கொழும்பு ஆகும். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் அந்நகரிலே ஒரு சபை அரச கட்டளையால் தன் விசுவாசத்தைக் காத்தது. மற்றொரு சபை அக்கட்டளைக்கு எதிரே தன் விசுவாசத்தைக் காத்தது. இரண்டுமே மற்றதன் குருமாரைப் பொய்ப்போதகர் என்றன. இரண்டிலும் பெருந்தொகையாகத் தமிழர் இருந்தனர். இவ்வரலாற்றினை அதன் சமுதாயப் பின்னணியில் வைத்து ஆராய்வதே நமது நோக்கமாகும். எவர் போதித்தது உண்மை என்பதனைத் தீர்ப்பது இறையியலாளரின் பணி. எக்காவல் பயன் தந்தது, எது தரவில்லை என்பதனைக் காண்பது வரலாற்று மாணவரின் பணி.

2

1656ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்புக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தது. போர்த்துக்கேயருடன் வந்த கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். அதே 1658இல், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்குரியர் என்னும் கட்டளை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் ஆராதனைக்கு மாற்றப்பட்டன, அல்லாதவை கைவிடப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இத்தகைய தடைக் கட்டளைகள் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டன. ஒரு சட்டம் பலமுறை புதுப்பிக்கப்படுகின்றதெனின், அது பலமுறை மீறப்பட்டது என்பதே பொருள்.

இக்கட்டளைகளைக் கல்வினியக் கோட்பாட்டின் வெறும் விளைவாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒல்லாந்து நாட்டிலேயே கத்தோலிக்கர் பலர் வாழ்ந்தனர். வெளித்தோற்றத்தில் இல்லம் போன்ற மறைவுக் கோயில்களில் அவர்கள் வழிபட்டதனை அங்குள்ள நகராட்சிகள் கண்டும் காணாதிருந்தன. இலங்கையிலோ ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு வேறோர் அச்சம் இருந்தது. கத்தோலிக்கன் எனின் போர்த்துக்கேயன்பால் அன்புடையவன், வாய்ப்பு நேரிற் கோட்டைக் கதவைத் திறந்துவிடக்கூடியவன் என்று கம்பனி கருதிற்று. கறுவா, யானை, முத்து, பாக்கு என்னும் வாணிபப் பொருள்களின் தனியுரிமையைக் காக்க முனைந்த நிறுவனம், குடிகளின் மனச்சாட்சியையும் அத்தனியுரிமையின் ஒரு பகுதியாகவே நோக்கியது. 'பொய்ப்போதகர்' என்ற சமயச் சொல்லினுள்ளே 'பகைநாட்டு ஒற்றர்' என்ற அரசியற் சொல் மறைந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அச்சுறுத்தல் ஒருபுறமிருக்க, மறுபுறத்திலே ஆசை காட்டலும் நிகழ்ந்தது. கம்பனியின் ஆட்சிப் பகுதியிலே பாடசாலையும் கோயிலும் பெரும்பாலும் ஒரே கட்டடமாக இருந்தன. பாடசாலைத் தோம்பு எனப்பட்ட பதிவேட்டிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அத்தோம்பிலே பெயரில்லாதவனுடைய விவாகமும் மரபுரிமையும் ஐயத்துக்குரியனவாயின. முதலியார், முகாந்திரம் முதலாய உத்தியோகங்கள் சீர்திருத்தத் திருச்சபையினருக்கே உரியனவாயின. பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. காணியும் உத்தியோகமும் ஞானஸ்நானத்தோடு பிணைக்கப்பட்ட இடத்திலே மக்கள் ஞானஸ்நானம் பெற்றமை வியப்பன்று. வீட்டிலே விபூதியும் வெளியிலே வேதாகமமுமாக வாழ்ந்தோர் யாழ்ப்பாணத்திலே இருந்தனர். சிங்களப் பகுதிகளிலே விகாரையையும் பாடசாலைத் தோம்பையும் ஒருங்கே பேணியோர் இருந்தனர்.

போதகர் தொகையோ மிகச் சிறிது. ஒல்லாந்திலிருந்து வந்த குருமாரிற் பெரும்பாலோர் தமிழையோ சிங்களத்தையோ நன்கு கற்றாரல்லர். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பிரசங்கித்தனர். இக்குறையைக் கம்பனியே உணர்ந்தது. 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் குருமடங்கள் நிறுவப்பட்டமைக்கு இதுவே காரணம். சுதேச மாணவரைத் தெரிந்தெடுத்து, ஐரோப்பிய மொழிகளையும் இறையியலையும் கற்பித்து, அவர்களை உபதேசிகளாகவும் போதகர்களாகவும் ஆக்குதல் இவற்றின் நோக்கமாக இருந்தது. கட்டளையால் மட்டும் விசுவாசத்தைக் காக்கவியலாது என்பதற்குக் கம்பனியே எழுதிக் கொடுத்த முதற் சான்று எனக் கொழும்புக் குருமடத்தைக் கூறலாம்.

3

இந்நிலையிலேதான் கோவையினின்றும் குருமார் வந்தனர். யோசவ்வாஸ் அடிகளார் 1651இல் கோவைப் பிரதேசத்துப் பெனவுலிம் என்னும் ஊரிலே கொங்கணிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஐரோப்பியத் துறவியர் சபைகள் இந்தியரைத் தம்முட் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலம் அது. சுதேசக் குருமார் தமக்கென அமைத்துக்கொண்ட ஒரற்றோரியன் சபையிலே சேர்ந்த அவர், 1687இல் இலங்கையை அடைந்தார். பிச்சைக்காரர் வேடத்திலே, கழுத்திற் செபமாலை தொங்க, வீடு வீடாகச் சென்றார் என்று அவர் வரலாறு கூறும். செபமாலையைக் கண்டு முகம் மலர்வோர் எவரோ அவரே மறைந்திருந்த கத்தோலிக்கர். யாழ்ப்பாணத்துச் சில்லாலை அவரது முதல் நிலைக்களமாயிற்று. பின்னர்ப் புத்தளம் வழியாக 1692இற் கண்டியை அடைந்தபொழுது போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின் பேரிற் சிறைப்பட்டார். அவரை அறிந்துகொண்ட பின்னர், பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் போதிக்கும் உரிமை அளித்தான். அங்கிருந்தே ஒல்லாந்தப் பகுதிகளுக்கும், கொழும்புக்கும்கூட, மறைவாக வந்து சென்றார். 1697இற் கண்டியிலே வைசூரி பரவியபொழுது சாதி சமயம் பாராது நோயாளரைப் பேணினார். 1711இற் கண்டியிலேயே உயிர்நீத்தார். 1995இற் கொழும்பிலே முத்திப்பேறும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி அதே நகரிற் புனிதர் நிலையும் அவருக்கு வழங்கப்பட்டன.

இவ்விடத்திலே ஒன்றனை நாம் கவனித்தல் வேண்டும். வேடம் பூண்டு வருதல், இரவிற் கூடுதல், பெயரை மறைத்தல் ஆகியன வஞ்சகப் போதகரின் அடையாளங்களாக எக்காலத்தும் கூறப்படுபவை. ஒல்லாந்த அதிகாரிகளின் கண்ணுக்கு யோசவ்வாஸ் அடிகளார் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாயாகவே தோன்றியிருப்பார். ஆயின் அவ்வேடத்தை அவர்மீது போர்த்தியது ஒல்லாந்தச் சட்டமே. வெளிப்படையாகப் போதித்தல் மரணத்துக்குரிய குற்றமாகிய நாட்டிலே, வெளிப்படையின்மையைக் கொண்டு போதகரின் நேர்மையை அளத்தல் நீதியாகாது. இதே காலத்திலே பிரான்சிலே நிகழ்ந்ததனையும் ஒப்புநோக்கலாம். 1685இல் நாந்துக் கட்டளையைப் பதினான்காம் லூயி மன்னன் நீக்கினான். புரட்டஸ்தாந்தப் போதகர் நாடு கடத்தப்பட்டனர். எஞ்சிய மக்கள் காடுகளிலும் மலைகளிலும் மறைவாகக் கூடி வழிபட்டனர். யோசவ்வாஸ் அடிகளார் இலங்கைக்கு வருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. பிரான்சிலே கத்தோலிக்க அரசு புரட்டஸ்தாந்தருக்குச் செய்ததனையே கொழும்பிலே புரட்டஸ்தாந்தக் கம்பனி கத்தோலிக்கருக்குச் செய்தது. அதிகாரம் எவர் கையில் உள்ளதோ அவருக்கு எதிரானவரே பொய்ப்போதகராயினர்.

குருமார் ஆண்டிற்கொருமுறை வருதலும் அரிதாயிருந்த ஊர்களிலே சபையைத் தாங்கியோர் பொதுமக்களே. மூப்பரும் அண்ணாவிமாரும் செபம் சொல்லிக் கொடுத்தனர். ஆபத்து வேளையிலே ஞானஸ்நானம் அளித்தனர். மரணத்தறுவாயில் இருப்போருக்கு ஆறுதல் கூறினர். கொழும்பின் வடபால் கடலோரத்து மீனவரும், கொழும்புச் செட்டிகளுட் பலரும், போர்த்துக்கேயக் கலப்பினரும் இவ்வமைப்பின் உறுப்பினராயிருந்தனர். ஒல்லாந்தச் சபை மேலிருந்து கீழ்நோக்கி அமைந்தது. தேசாதிபதியும் ஆலோசனைச் சபையும் அதன் தலை. கத்தோலிக்கச் சபையோ அக்காலத்துச் சூழ்நிலையினாற் கீழிருந்து மேல்நோக்கி அமைய நேர்ந்தது. இவ்வேறுபாடே பிற்கால விளைவுகளைப் பெரிதும் நிர்ணயித்தது எனலாம்.

4

சமயக் காவலின் இரண்டாவது களம் மொழியாகும். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1676இல் கோவைக்கு அண்மையிலுள்ள திவார்த் தீவிற் பிறந்து, 1705இல் இலங்கைக்கு வந்தார். தமிழையும் சிங்களத்தையும் முறையாகக் கற்று, இரு மொழிகளிலும் உரைநடையிலே நூல்கள் இயற்றினார். தமிழில் அவர் ஆக்கியவற்றுள் தேவ அருள் வேத புராணமும் வியாகுலப் பிரசங்கமும் குறிப்பிடத்தக்கவை. கல்வினியக் கோட்பாடுகளை மறுத்துக் கண்டன நூலும் எழுதினார். 1742இல் போலவத்தையில் அவர் காலமானபொழுது, நாட்டிலே அவருக்குத் திறந்திருந்த அச்சகம் ஒன்றேனும் இல்லை. அச்சகம் கம்பனியிடமே இருந்தது. எனவே அவர் நூல்கள் ஏட்டிலே எழுதப்பட்டு, அண்ணாவிமாராற் படியெடுக்கப்பட்டு, கூடியிருந்தோருக்கு வாசிக்கப்பட்டன. எழுத்தறியாதாரும் கேட்டு மனங்கொள்ளத்தக்க ஓசையுடைய நடை அவற்றுக்கு வேண்டியதாயிற்று. ஒப்பாரியை ஒத்த இராகத்திலே வியாகுலப் பிரசங்கத்தைத் தபசு காலத்தில் வாசிக்கும் வழக்கம் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே நீடித்து வந்தமை, அந்நடை மக்கள் நாவிலே எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதனைக் காட்டும்.

கடலுக்கு அப்பாலும் இதே போராட்டம் நடைபெற்றது. தரங்கம்பாடியிலே சீகன்பால்கு 1715இற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். லூத்தரன் போதகரின் அச்சு நூல்கள் பரவியதைக் கண்ட வீரமாமுனிவர், தம் சபையினரைக் காக்கும் பொருட்டு வேதவிளக்கம், பேதகமறுத்தல், லூத்தேரினத்தியல்பு ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். தேம்பாவணியின் ஆசிரியர் கண்டனத்துக்கு வந்தபொழுது செய்யுளை விட்டு உரைநடையைக் கையாண்டமை தற்செயலன்று. கற்றோர் அவையிற் புகழ்பெறச் செய்யுள் போதும்; ஐயுற்று நிற்கும் சாதாரண விசுவாசியை இணக்கவேண்டுமெனின் உரைநடையே வேண்டும்.

கொழும்பிலே கம்பனியின் அச்சகம் 1730களின் பிற்பகுதியில், தேசாதிபதி வான் இம்ஹோவ் காலத்தில் இயங்கத் தொடங்கியது. அதன் வழியே தமிழுலகுக்கு அறிமுகமான சுதேச அறிஞர் பிலிப்பு தெ மெல்லோ ஆவர். 1723இற் கொழும்பிலே முதலியார் குடும்பமொன்றிற் பிறந்த இத்தமிழர், கொழும்புக் குருமடத்திலே கற்றுத் தேர்ந்து, 1750இற் சீர்திருத்தத் திருச்சபையின் போதகராக அபிடேகம் பெற்றார். கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளில் வல்லவர் எனப் போற்றப்பட்டார். அவர் முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சாயிற்று. 1790இல் அவர் காலமானார். 1859இல் வெளிவந்த தமிழ் புளூட்டாக் என்னும் நூலிலே சைமன் காசிச்செட்டி இவருக்குத் தமிழ்ப் புலவர் வரிசையில் இடமளித்துள்ளார்.

தெ மெல்லோவின் நூல்களுள் நமது பொருளுக்கு இன்றியமையாதது, 1753இல் வெளிவந்த சத்தியத்தின் செயம் ஆகும். கத்தோலிக்கக் கோட்பாடுகளை மறுத்தெழுந்த கண்டன நூல் அது. அதன் வாதங்களின் வலிமையைவிட, அது தோன்றிய ஆண்டே நமது கவனத்துக்குரியது. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தோர் மரணத்துக்குரியர் என்ற கட்டளை பிறந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகள் சென்றுவிட்டன. அக்கட்டளை தன் கருமத்தைச் செய்திருப்பின், மறுப்பதற்குக் கொழும்பிலே கத்தோலிக்கர் எவரும் இருந்திருக்கமாட்டார். மறுப்பு நூல் வேண்டியதாயிற்று என்பதே கட்டளை தோற்றதன் ஒப்புதலாகும். இன்னுமொன்று: கட்டளை, குடியானவனை அச்சமுடையவனாக மட்டுமே கருதுகின்றது, கண்டன நூலோ அவனைச் சிந்திக்கத்தக்கவனாகக் கருதுகின்றது. தன் எதிரியை மறுக்கப் புகுந்த தெ மெல்லோ, கம்பனி ஒருபொழுதும் கொடாத மதிப்பைத் தமிழ் வாசகனுக்குக் கொடுக்க நேர்ந்தது.

கொன்சால்வெஸ் அடிகளாரும் தெ மெல்லோவும் ஒருவர் மற்றவரின் சபையைத் தவறானதென்று எண்ணியே வாழ்ந்தனர். ஆயின் தமிழுரைநடை வரலாற்றிலே இருவரும் ஒரே பணியைச் செய்தவராவர். காரணங் காட்டி வாதித்தல், எதிர்ப்பக்கத்தை எடுத்துரைத்து மறுத்தல், கலைச்சொற்களை ஆக்குதல் ஆகிய பண்புகள் இவ்வகைச் சமய வாதங்களினூடாகவே உரைநடையில் வலுப்பெற்றன. பூசை, குருவானவர், தேவமாதா என ஒரு சாராரும், ஆராதனை, போதகர், பரிசுத்தவான் என மறுசாராரும் வேறுவேறு சொற்றொகுதிகளை வளர்த்தனர். ஒரு நூற்றாண்டின் பின்னர் ஆறுமுக நாவலர் கிறிஸ்தவ மிசனரிமாருக்கு எதிரே சைவதூஷண பரிகாரம் எழுதியபொழுது (1854) கையாண்ட கண்டன உரைநடைக்கு முன்னோடியாக இத்தகைய நூல்களையும் கருதுதல் தகும். சமயக் காவலின் பொருட்டுக் கூர்மையாக்கப்பட்ட கருவி, அதனை ஆக்கியோரின் எதிரிக்கும் பயன்பட்டது. மொழி எவருக்கும் தனியுரிமையன்று.

5

கொட்டாஞ்சேனையின் எல்லையிலுள்ள மேட்டிலே வுல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. 1749இல் தொடங்கி 1757இற் கட்டி முடிக்கப்பட்ட அது, தெ மெல்லோவின் நூல்கள் வெளிவந்த அதே ஆண்டுகளின் ஆக்கமாகும். வுல்வெண்டால் என்பதற்கு ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். இலங்கையில் ஓநாய்கள் இல்லை. அப்பகுதியிலே திரிந்த நரிகளை ஐரோப்பியர் ஓநாய்களாகக் கொண்டனர் என்பர். ஓநாய் இல்லாத இடத்திலே ஓநாயைக் கண்ட அப்பெயர், கம்பனியின் சமயக் கொள்கைக்கும் பொருந்துவதாகவே உள்ளது.

அத்தேவாலயம் முடிந்து சில ஆண்டுகளில், 1760 அளவிலே, கொட்டாஞ்சேனையில் ஒரற்றோரியன் குருமார் ஓலைக்கூரையிட்ட சிறு கோயிலொன்றை அமைத்தனர். பிற்காலத்துப் புனித லூசியாள் பேராலயத்தின் தொடக்கம் அதுவே. கண்டியிலே ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில் (1739 - 1747) கத்தோலிக்கக் குருமார் அரச ஆதரவை இழந்திருந்தனர்; கொழும்பிலோ கட்டளைகள் ஏட்டளவில் நிற்க, நடைமுறை தளர்ந்துவிட்டது. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயிலின் தோற்றத்தையும் மக்கள் ஐதிகம் ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வாழ்ந்த குருவொருவரோடு தொடர்புபடுத்துகின்றது. ஐதிகம் வரலாறாகாது, ஆயினும் ஒரு சமூகம் தன் தொடக்கத்தை ஒளிந்திருந்த ஒருவரிடத்தே காண விரும்புவது அதன் நினைவின் இயல்பைப் புலப்படுத்தும்.

1796இற் கொழும்பு பிரித்தானியர் வசமாயிற்று. கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களைத் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இல் நீக்கினார். அதன்பின் நிகழ்ந்தது நமது வினாவுக்குரிய விடையாகும். 1801 அளவிலே இலங்கையிற் புரட்டஸ்தாந்தர் எனக் கணக்கிடப்பட்ட சுதேசிகள் 3,42,000 பேர் என எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட நூலிலே குறித்துள்ளார். உத்தியோகத்துக்கும் மரபுரிமைக்கும் தோம்பு வேண்டியதில்லை என்றானதும், அத்தொகை சில ஆண்டுகளிலேயே கரைந்தது. யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையினர் சைவத்தை வெளிப்படையாகக் கைக்கொண்டனர். சிங்களப் பகுதியினர் விகாரைக்கு மீண்டனர். எவரும் அவர்களை வஞ்சித்து மயக்கவில்லை; எப்பொய்ப்போதகரும் மந்தைக்குள் நுழையவில்லை. வேலி அகற்றப்பட்டபொழுது, உள்ளே இருந்தது மந்தையன்று, பெயர்ப்பட்டியலே என்பது தெரிந்தது. கட்டளையால் ஒடுக்கப்பட்ட சபையோ, கட்டளை நீங்கியதும் கொட்டாஞ்சேனையிலும் நீர்கொழும்பிலும் மன்னாரிலும் வெளிப்படையாக எழுந்து நின்றது.

இதனைக் கொண்டு ஒடுக்குமுறை சபைகளுக்கு நன்மை தரும் என்று கூறிவிடலாகாது. எத்தனையோ நாடுகளில் ஒடுக்குமுறை சபைகளை அடியோடு அழித்துள்ளது. இலங்கையில் அது அழியாமைக்குக் கண்டி மன்னரின் அடைக்கலம், குருமார் நம்மைப் போன்ற ஆசியர் ஆயிருந்தமை, மக்கள் மொழியிலே நூல்கள் எழுந்தமை, ஊர்தோறும் பொதுமக்களே பொறுப்பேற்றமை ஆகிய திட்டமான காரணங்கள் இருந்தன. அக்காரணங்களே ஆராய்ச்சிக்குரியன, தியாகத்தின் மகிமை பற்றிய பொதுக்கூற்றுக்கள் அல்ல.

6

வென்ற சபையும் வரலாற்றின் பாடத்தை முற்றாகக் கற்றுக்கொண்டதெனக் கூறவியலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கொட்டாஞ்சேனை மீண்டும் சமயக் காவலின் களமாயிற்று. தீபதுத்தாராமய விகாரையில் இருந்து மிகெட்டுவத்தை குணானந்த தேரர் கிறிஸ்தவத்தை எதிர்த்துப் பிரசங்கித்தார். 1873இற் பாணந்துறையில் நடைபெற்ற வாதத்திலே புரட்டஸ்தாந்தப் போதகரை எதிர்கொண்டார். வாதம் வாதமாக இருந்தவரை எவர் தலையும் உடையவில்லை. 1883ஆம் ஆண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, அவ்விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கக் கூட்டமொன்று தாக்கியது. ஒரு காலத்திலே மறைந்து செபித்தவர்களின் வழித்தோன்றல்கள், பிறர் வெளிப்படையாக வழிபடுவதனைப் பொறுக்கவில்லை.

பிளவு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. 1834இல் இலங்கை கொச்சி மேற்றிராசனத்தினின்றும் பிரிக்கப்பட்டபின், ஐரோப்பியக் குருமாருக்கும் கோவைக் குருமாருக்கும் இடையே அதிகாரப் போட்டி வளர்ந்தது. யோசவ்வாஸ் அடிகளாரின் வழிவந்த கோவைக் குருமாரே இப்பொழுது கீழ்ப்படியாதவர் எனப்பட்டனர். 1886இல் உரோமைக்கும் போர்த்துக்கல்லுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கையால் இலங்கையிற் போர்த்துக்கேய ஞானாதிக்கம் முடிவுற்றது. அதனை ஏற்காத ஒரு சாரார் புதுக்கடை நன்மரண மாதா கோயிலை மையமாகக் கொண்டு தனித்தியங்கினர். 1889இல் அல்வாரிஸ் என்னும் கோவைக் குருவைச் சிரியன் சபை ஆயர்கள் மார் யூலியஸ் என்ற பெயருடன் ஆயராக அபிடேகம் செய்தனர். 1892இல் அப்புதுக்கடைக் கோயிலிலேயே அமெரிக்காவினின்றும் வந்த வில்லாத்து என்பவர் ஆயராக்கப்பட்டார். கல்வினியருக்கு எதிராக வழங்கிய 'பதிதர்' என்ற சொல் ஒரே செபமாலையை உருட்டியோர்மீதும் பாய்ந்தது. கோட்பாட்டு வேறுபாடு இங்கு மிகச் சிறிது. கோயிற் சொத்தையும் ஆட்சியையும் யார் வைத்திருப்பது என்பதே பெரிது.

அறிஞரும் அதிகாரிகளும் எல்லை வகுத்துக்கொண்டிருந்த அதே பகுதியிலே மக்கள் அவ்வெல்லைகளை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கத்தோலிக்கரேயன்றி இந்துக்களும் பௌத்தரும் முசுலிம்களும் வேண்டுதலோடு வருகின்றனர். 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21, உயிர்த்த ஞாயிறன்று, அக்கோயிலிலே குண்டு வெடித்தபொழுது காயமுற்றது ஒரு சபை மட்டுமன்று. பல சமயத்தார் கூடிய ஒரு பொது முற்றமுங்கூட.

7

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வினா புதிய வடிவம் கொண்டது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் தொகை பெருகியது. போரினால் வீடிழந்தோரும், வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் வாடகை அறைகளில் வாழ்ந்தனர். பழைய திருச்சபைகளோடு புதிய செபக்குழுக்கள் பலவும் இக்காலத்திலே பரவின. நோய் தீரும், கடன் தீரும், விசா கிடைக்கும் என்ற வாக்குறுதிகளும் அவற்றுட் சிலவற்றில் ஒலித்தன. பழைய சபைகள் இவற்றைப் பொய்ப்போதனை என்றன. பிற சமயத்தார் மதமாற்றச் சூழ்ச்சி என்றனர். 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடை மசோதாவொன்றைக் கொண்டுவந்தது. அதன் சில ஏற்பாடுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என உயர் நீதிமன்றம் கண்டது, மசோதா சட்டமாகவில்லை. ஆயினும் போதகரைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தவேண்டும் என்ற குரல் ஓயவில்லை.

வஞ்சகம் என்று ஒன்று இல்லை என நாம் வாதிக்கவில்லை. துயருற்றோரின் துயரை விலையாக்குவோர் எல்லாச் சமயங்களிலும் உளர். மருந்தை நிறுத்தச் சொல்வதும், பொய் கூறிப் பணம் பறிப்பதும், அச்சுறுத்திக் காணியை எழுதுவிப்பதும் குற்றங்களே. அவற்றைத் தண்டிக்க நாட்டின் பொதுச் சட்டமே போதும். அதற்குக் குற்றவாளியின் கோட்பாடு யாது என்று வினவவேண்டியதில்லை. கோட்பாட்டையே குற்றமாக்கும்பொழுதுதான் 1658ஆம் ஆண்டுக் கட்டளை மீண்டும் உயிர்பெறுகின்றது. இன்று சிறிய சபையொன்றுக்கு எதிராகக் கேட்கப்படும் சட்டம், நாளை கேட்டவருக்கு எதிராகவே திரும்பும் என்பதற்குக் கொட்டாஞ்சேனையின் முந்நூற்றாண்டு வரலாறே சான்று.

விசுவாசத்தைக் காப்பதற்கு அவ்வரலாறு காட்டும் வழிகள் எளியவை. போதகர் மக்களின் மொழியிலே பேசவேண்டும். தம் கூற்றுக்குக் காரணம் காட்டவேண்டும். வினவுவோருக்கு விடையிறுக்க வேண்டும். சபையின் பணத்துக்குச் சபையிடமே கணக்குக் காட்டவேண்டும். சபையோரும் பெயர்ப்பட்டியலாக இராது, மூப்பரும் அண்ணாவியும் போலப் பொறுப்பேற்கவேண்டும். இவை உள்ள சபையிலே பொய்ப்போதகர் நெடுநாள் நிற்கவியலாது. இவை இல்லாத சபையை எக்கட்டளையும் காக்கவியலாது. ஒல்லாந்தக் கம்பனியிடம் கோட்டையும் பீரங்கியும் அச்சகமும் தோம்பும் இருந்தன. நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் எஞ்சியவை மேட்டின்மேல் ஒரு தேவாலயமும், தெ மெல்லோவின் தமிழுமே. அவ்விரண்டனுள் தமிழே அதிக தூரம் சென்றது.